மஸ்தாரின் காற்றுக் கோபுரம்

அபுதாபி மஸ்தார் நகரத்துக்கு வருகிறவர்கள் ஓட்டுநர் இல்லாத குட்டி வண்டியைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அண்ணாந்து பார்க்க வேண்டியது, அங்குள்ள கல்வி வளாகத்தின் முற்றத்தில் நிற்கும் 45 மீட்டர் காற்றுக் கோபுரத்தை. துபாய்ப் பழைய வீடுகளின் கூரையில் இருக்கும் பர்ஜீல் என்னும் காற்றுப்பிடிக் கோபுரத்துக்கு இது பேரப்பிள்ளை முறை. எஃகுச் சட்டத்துக்கு நடுவே டெஃப்லான் பூசிய வெண்ணிறத் துணிக்குழாய்; உச்சியில், காற்றடிக்கும் திசை பார்த்துத் திறந்துகொள்ளும் பட்டைகள்; அங்கேயே பூத்தூறலாக நீர்ப்புகை. ஈரமேறிய காற்று குளிர்ந்து, கனத்து, தானாகவே கீழே இறங்குகிறது. ஏசியின் முகத்திலறையும் குளிர் அல்ல இது. பிடரியில் படும்போதுதான் தெரியும். ஆகஸ்ட் புழுக்கத்தில் நீர்ப்புகை அவ்வளவாக எடுபடாது, காற்றே ஏற்கெனவே ஈரத்தில் ஊறியிருக்கும். அதற்காக இதன் மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை.

2010இல் திறந்த இந்த வளாகம் இப்போது கலீஃபா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்தது. மாணவர் விடுதிச் சுவர்கள் அலையலையாக வளைகின்றன. மண்நிறக் கான்கிரீட்டில், அரபு மரபுச் சாளரத் தட்டியான மஷ்ரபியாவைப் போன்ற துளைகள். உள்ளிருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. வெயில் சல்லடையில் சலித்து விழும். ஆய்வகச் சுவர்களோ காற்றடைத்த மெத்தைகள். உச்சிவெயிலிலும் கை வைத்தால் சுடாது. எதிர்ச்சுவர் மேல் அனலைத் திருப்பி வீசாததால், இடுக்கமான சந்துகளில் நின்று பேச முடிகிறது. வளைகுடாவில் கண்ணாடிக் கட்டடங்களை ஒட்டி நடந்து பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.