மண் நிற்கும், பூ நிற்காது

மண், கல், இலை, பூ, வேர் என்று கிடைப்பதிலிருந்து தாமே நிறம் எடுத்து நிலக்காட்சி தீட்டும் ஓவியர்களுக்கு இப்போது தனி மதிப்பு இருக்கிறது. அவர்களுக்கு ஆதரவாக வழக்கமாக மூன்று வாதங்களைச் சொல்கிறார்கள். இயற்கை நிறம் காலத்தை வெல்லும். உடலுக்குக் கேடு செய்யாது. வரையும் இடத்தின் உயிர் படத்துக்குள் வந்துவிடும். மூன்றையும் தனித்தனியே உரசிப் பார்த்தால்தான் இந்தக் கலைக்கு நியாயம் செய்ய முடியும்.

முதல் வாதத்துக்குச் சித்தன்னவாசலைச் சாட்சிக்கு அழைப்பார்கள். புதுக்கோட்டைக்கு அருகே உள்ள அந்தச் சமணக் குடைவரையின் கூரையில் ஒரு தாமரைக்குளம் விரிந்திருக்கிறது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் பூப்பறிப்பவர்களும் நிறைந்த அந்தக் குளத்தைத் தமிழ்நாட்டின் பழைய நிலக்காட்சிகளுள் ஒன்றாகவே கொள்ளலாம். அதன் நிறங்களைச் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் ஆராய்ந்தார். வெள்ளை சுண்ணாம்பு, கறுப்பு கரி, மஞ்சளும் சிவப்பும் காவி மண், நீலம் லாபிஸ் லாசுலி கல், பச்சை ஒருவகைப் பச்சைமண். படம் முழுக்கத் தாமரை இலை. ஆனால் ஒரு சொட்டு இலைச்சாறு இல்லை. கண்ணெதிரே எத்தனையோ பச்சை இலைகள் இருந்தும் அந்த ஓவியர் பச்சையை மண்ணிலிருந்துதான் எடுத்தார். எது நிற்கும், எது நிற்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

காவியின் நிறம் இரும்பு ஆக்சைடு. பல லட்சம் ஆண்டு வெயிலும் மழையும் பட்டு, இனி மாற அதிகம் ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்த பொருள் அது. பூவின் நிறமும் இலையின் நிறமும் அப்படியல்ல. ஒளி பட்டதும் மூலக்கூறு சிதையத் தொடங்கிவிடும். துணியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டுப் போக்கும் வீடுகளுக்கு இது புதுச் செய்தி அல்ல. சுண்ணாம்புச் சுவரிலோ நிலைமை இன்னும் மோசம்: மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைக்கும் ஒவ்வொருவரும் அறிவர். சாயவேர்ச் சிவப்பு துணியில் நிற்கிறதே என்று கேட்கலாம். அங்கே படிகாரம் சாயத்தை நூலோடு பிணைக்கிறது. காகிதத்தின் மேல் மெல்லிய பூச்சாகக் கிடக்கும் சாயத்துக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. துணியிலும்கூட அது முழுப் பாதுகாப்பு ஆகாது. பழைய கலம்காரித் துணிகளை அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில்தான் வைக்கின்றன.

நிலக்காட்சிக்கு இதனால் நேரும் இழப்பு தனி வகை. இங்கிலாந்தின் தாமஸ் கிர்ட்டின் (1775–1802) நீர்வண்ணத்தில் மேகங்களின் சாம்பல் நிறத்துக்கு அவுரி நீலத்தையும் செம்மண் நிறத்தையும் கலந்தார். அவருடைய பல படங்களில் அவுரி மறைந்து செம்மண் மட்டும் மிஞ்சியது, மழைமேகம் செவ்வானமாகிவிட்டது. நிறம் மங்கியது என்று இதைச் சொல்லிவிட முடியாது. படத்தில் நேரமும் பருவமுமே பொய்யாகிவிட்டன. 1888இல் ரசல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் நீர்வண்ணங்களை ஒளியில் சோதித்து வெளியிட்ட அறிக்கையும் கனிம நிறங்கள் நிற்பதையும் உயிர்ப்பொருள் நிறங்கள் தளர்வதையும் உறுதிசெய்தது. ஆலைச் சாயம் என்றால் நிற்கும் என்றும் சொல்லிவிட முடியாது. வான்கோ 1890இல் தீட்டிய ரோஜாக்களின் இளஞ்சிவப்பு, அன்று புதிதாக வந்திருந்த செயற்கைச் சாயம். இன்று அந்தப் பூக்கள் வெள்ளையாகத் தெரிகின்றன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இயற்கையா, செயற்கையா என்பதல்ல. கனிமமா, ஒளிக்குத் தாங்காத சாயமா என்பதே.

இரண்டாம் வாதம் நிற்கவே நிற்காது. அரிதாரம் மலையில் கிடைக்கும் அழகான மஞ்சள். அதில் இருப்பது ஆர்சனிக். சாதிலிங்கம் அருமையான சிவப்பு; அதில் இருப்பது பாதரசம். சாதாரண மண்ணையே உலர்ந்த நிலையில் அரைத்தால் நுண்ணிய மணல்தூள் நுரையீரலுக்குள் போகும். முகக்கவசம் இல்லாமல், குழந்தைகளை உட்கார வைத்து மண் அரைக்கச் சொல்லும் பயிற்சி வகுப்புகள் இதைக் கவனித்தாக வேண்டும்.

மூன்றாம் வாதத்தில் சாரம் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு மணலை ஒரு பாத்திரத்தில் அள்ளித் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நீர் செக்கச்செவேலென்று ஆகும். மணல் அடியில் தங்கும்; சிவப்பு நீரில் மிதக்கும். அந்த நீரை வேறு பாத்திரத்தில் இறுத்து, தெளியவிட்டு, அடியில் படிந்த வண்டலை உலர்த்திக் கருவேலம்பிசினோடு குழைத்தால் வண்ணம் தயார். சொரசொரப்பான காகிதத்தில் அதைப் பூசும்போது துகள்கள் காகிதத்தின் பள்ளங்களில் போய்த் தேங்குகின்றன. பூச்சு ஒரே சீராக இல்லாமல் பொரிப்பொரியாக நிற்கிறது. தேரியின் மேற்பரப்பும் அப்படித்தான். மழமழவென்ற குழாய் வண்ணத்தில் இந்தத் தன்மையைக் கொண்டுவருவது கடினம். இங்கே பொருளே கலையாகிறது.

ஆனால் இந்தப் பெருமைக்கும் எல்லை உண்டு. சித்தன்னவாசலின் நீலம் உள்ளூர்ச் சரக்கல்ல. லாபிஸுக்குப் பேர்பெற்ற சுரங்கங்கள் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷானில் இருக்கின்றன. உள்ளூர் மண் மட்டுமே உண்மை என்று அந்த ஓவியர் விரதம் இருக்கவில்லை. குளத்துக்கு நீலம் தேவைப்பட்டது, தேடிப் பெற்றார். இன்றைய பல படங்களில் நிறத்தின் ஊரைச் சொல்லும் குறிப்பே கலையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, படத்தில் தூரம் தெரிகிறதா, ஒளி எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதா, நிலம் கனக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை இல்லாத படத்தை எந்த ஊர் மண்ணும் காப்பாற்றாது.

ஆக என் தீர்ப்பு இது. காவி, கரி, சுண்ணாம்பு, பச்சைமண் கொண்டு செய்யும் நிலக்காட்சி முழுமையான கலை. கடை வண்ணத்துக்கு எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல. சங்குப்பூ, மஞ்சள், இலைச்சாறு ஆகியவை பயிற்சி ஏட்டுக்கு உரியவை; நிலையான படைப்பு என்று சொல்லி அவற்றை விற்பது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். ஓவியர்களே, நீங்கள் செய்த ஒவ்வொரு நிறத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் பூசி, பாதியை மூடி, சில மாதம் சன்னலோரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். மூடிய பாதியும் திறந்த பாதியும் ஒன்றாக இருக்கும் நிறங்களை மட்டும் படத்துக்கு எடுங்கள். அவற்றின் பெயரைப் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள்.