பாறைப் பிளவும் பாடியவர்களும்

பெத்ரா நகரைப் பற்றி மேலை நாட்டார் எழுதியவற்றை வரிசையாக வாசிப்போர்க்கு ஒன்று விரைவில் புலப்படும். அவை பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகின்றன. யோர்தான் நாட்டின் தெற்கே, வாடி மூசா ஊரைக் கடந்ததும் மணற்பாறை மலை இரண்டாகப் பிளந்து வழிவிடுகிறது. 'சீக்' என்று அரபியர் அழைக்கும் அப்பிளவினூடே பயணி ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நடக்கிறார். இருபுறமும் பாறைச் சுவர்கள் 80 மீட்டர் வரை எழுகின்றன. சில இடங்களில் வழியின் அகலம் 3 மீட்டர்தான். வானம் தலைக்கு மேல் ஒரு கோடாகச் சுருங்குகிறது. கடைசித் திருப்பத்தில் இருள் விலக, பாறையில் குடைந்த 'கஸ்னே' முகப்பு, 40 மீட்டர் உயரத்தில், வெயிலில் தோன்றுகிறது. எழுதுபவர் வியக்கிறார், வாசகரும் வியக்கிறார், அத்துடன் எழுத்து நின்றுவிடுகிறது. நகரம் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது என்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பிளவே நகரத்தின் முதற்பெரும் படைப்பு என்பதையோ அநேகர் கவனிப்பதே இல்லை. திரையை விலக்கியதும் திரையை மறந்துவிடுகிற நாடக ரசிகரைப் போல அவர்கள் நடந்துகொள்கிறார்கள் என்பதே நம் குறை.

இக்குறையின் ஊற்றுக்கண்ணாக ஒரு கவிதையைக் குறிப்பிடலாம். ஆக்ஸ்போர்டில் மாணவராயிருந்த ஜான் வில்லியம் பர்கன் 1845ஆம் ஆண்டு 'பெத்ரா' என்னும் நெடுங்கவிதைக்கு நியூடிகேட் பரிசு பெற்றார். பின்னாளில் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவாகி, சிச்செஸ்டர் பேராலயத் தலைவராக உயர்ந்தவர் அவர். அந்நகரின் நிறத்தையும் தொன்மையையும் பற்றி அவர் எழுதிய ஒரே ஓர் அடி இன்று உலகெங்கும் சுற்றுலாச் சிற்றேடுகளில் வாழ்கிறது. ஏனைய அடிகளை எவரும் நினைப்பதில்லை. அதை எழுதியபோது அவர் பெத்ராவைப் பார்த்ததில்லை. 1862இல் நேரில் சென்றபோது, தாம் பாடிய நிறம் அங்கே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். காணாத ஊரைப் பாடுவது கவிஞருக்குக் குற்றமன்று. நிறத்தில் தவறினால் அதையும் மன்னிக்கலாம். நாம் மன்னிக்கத் தயங்குவது வேறொன்றை. அந்நகரம் மனிதர் உழைப்பால் எழுந்ததாகவே தோன்றவில்லை என்னும் கருத்தின் மீது அவர் தம் வியப்பைக் கட்டியெழுப்புகிறார். அழகைப் புகழ்வதற்காக உழைத்தவனை அழித்துவிடுகிற புகழ்ச்சி இது.

அந்தப் பாறைச் சுவர்களையே பார்ப்போம். மலையைப் பிளந்தது நில அதிர்வு; அதை வழவழப்பாக்கியது வெள்ளம். ஆனால் அதை ஒரு நகரின் வாயிலாக்கியவர்கள் நபத்தேயர் என்னும் அரபு இன மக்கள். நகரை நோக்கி நடப்பவரின் இடப்புறத்தில், பாறையிலேயே வெட்டிய கால்வாய் ஒன்று கூடவே வருகிறது. வலப்புறத்தில் சுட்ட மண் குழாய்களைப் பதித்த தடம் ஓடுகிறது. மோசே பாறையை அடித்து நீர் வரவழைத்த இடம் என்று உள்ளூரார் நம்பும் ஊற்றிலிருந்து நகரத்துக்குக் குடிநீர் அவ்வழியே சென்றது. பாதைக்குக் கல் பாவியிருந்தார்கள். சுவரில் தம் தெய்வங்களுக்குச் சிறு மாடங்கள் குடைந்தார்கள். ஒட்டகங்களும் அவற்றை நடத்திச் செல்வோரும் பாறையில் புடைப்புச் சிற்பமாக நிற்கிறார்கள். இன்று பெரும்பகுதி தேய்ந்து, கால்களும் ஆடையின் விளிம்புமே எஞ்சியுள்ளன. அந்த ஒட்டகங்கள் சுமந்த நறுமணப் பொருள்களால்தான் இத்தனையும் கட்டப்பட்டது. நம் முசிறியையும் கொற்கையையும் குறிப்பிடும் அதே கிரேக்கக் கடல்வழி நூல், செங்கடல் துறையொன்றிலிருந்து பெத்ராவின் அரசனிடம் செல்லும் சாலையையும் குறிப்பிடுகிறது.

இவற்றுள் தலையாயது பிளவின் நுழைவாயிலில் இருந்தது. மழைக்காலத்தில் வாடி மூசாவின் வெள்ளம் முழுவதும் இயல்பாக இப்பிளவினுள்தான் பாயும். நபத்தேயர் வாயிலில் அணை எழுப்பி, பக்கத்து மலையில் எண்பது மீட்டருக்கு மேல் சுரங்கம் வெட்டி, வெள்ளத்தை வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்டார்கள். குடிக்கும் நீரைக் குழாயில் உள்ளே வரவிட்டு, கொல்லும் நீரை வாயிலிலேயே தடுத்தார்கள். பின் வந்த நூற்றாண்டுகளில் அணை சிதைந்தது. சீக் மீண்டும் ஆறாயிற்று.

1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிரான்சு நாட்டுத் திருப்பயணியர் குழுவொன்று அப்பிளவினுள் நடந்துகொண்டிருந்தபோது திடீர் வெள்ளம் புகுந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குழுவை நடத்திச் சென்ற அருள்தந்தை ழான் ஸ்தைன்மானும் அவர்களுள் ஒருவர். எசாயா, எரேமியா, யோபு ஆகிய நூல்களுக்கு விளக்கம் எழுதிய விவிலிய அறிஞர் அவர். அவர் எழுதிய இயேசுவின் வரலாறு 1961இல் உரோமையின் தடைநூல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. திருமுழுக்கு யோவானையும் பாலைநிலத்தின் ஆன்மிகத்தையும் பற்றி ஒரு நூல் எழுதியவரும் அவரே. அந்தப் பாலைநிலத்தின் வெள்ளத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. இதில் இறைத்திட்டத்தின் குறியீடு எதையும் தேடுவது மரியாதையன்று என்றே கருதுகிறோம். அந்த அணை சிதையாமல் இருந்திருந்தால், அன்றைய வெள்ளம் வேறு வழியே போயிருக்கும். மறு ஆண்டே யோர்தான் அரசு நபத்தேயரின் அணை நின்ற அதே இடத்தில் புதிய அணை கட்டியது. மனிதக் கை தெரியவில்லை என்று பாடுகிற கவிதையை இச்செய்தியின் அருகில் வைத்து வாசித்துப் பாருங்கள். அதன் இனிமை சற்றே கசக்கும்.

கவிஞர் உழைப்பை மறைத்தார் என்றால், மறையுரையாளர் சிலர் மனிதர்களையே மறைத்தார்கள். ஸ்காட்லாந்து நாட்டுப் போதகர் அலெக்சாண்டர் கீத் 19ஆம் நூற்றாண்டில் பரவலாக வாசிக்கப்பட்ட தம் நூலில், இறைவாக்குகள் எழுத்துக்கு எழுத்து நிறைவேறியமைக்கு ஏதோமின் பாழ்நிலையைச் சான்றாகக் காட்டினார். பாறைப் பிளவுகளில் குடியிருந்து செருக்குற்றவனைக் கீழே இறக்குவேன் என்னும் பொருளில் ஒபதியா உரைத்தது பெத்ராவில் பலித்துவிட்டதாம். இவ்வாதத்துக்கு அந்நகரம் செத்துக் கிடந்தாக வேண்டும். ஆனால் முகப்புகளைச் செதுக்கியவர்கள் ஒபதியா சாடிய ஏதோமியர் அல்லர். நூற்றாண்டுகள் கழித்து அங்கே தலையெடுத்த நபத்தேயர். நம் விவிலியத்தில் உள்ள மக்கபேயர் முதல் நூலைத் திறந்தால், யூதா மக்கபேயைச் சமாதானத்தோடு எதிர்கொண்டு, கிலயாதில் அவர் இனத்தார் படும் துன்பத்தைத் தெரிவித்தவர்கள் அவர்களே என்று காண்கிறோம். சீர்திருத்தச் சபையினர் அந்நூலை விவிலியத்தில் சேர்ப்பதில்லை, இழப்பு அவர்களுடையது. தமஸ்கு நகரில் திருத்தூதர் பவுலைப் பிடிக்கக் காவல் வைத்தவன் அரேத்தா மன்னனின் ஆளுநன். பவுல் கூடையில் இறங்கித் தப்பினார். அந்த அரேத்தாவின் தலைநகர்தான் இது. கஸ்னே முகப்பே அவன் காலத்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. மனமாற்றத்துக்குப் பின் பவுல் சென்றதாகக் கலாத்தியருக்கு எழுதும் அரேபியாவும் நபத்தேயரின் நாடாகவே கொள்ளப்படுகிறது. நண்பராகவும் பகைவராகவும் நம் மறைநூலில் நடமாடுகிற ஒரு மக்களை, சாபம் பலித்ததற்கான வெறும் சான்றாக ஆக்கிவிட்டார் கீத்.

இவர்களை விட முன்னதாக எழுதிய சுவிட்சர்லாந்து நாட்டார் ஜான் லூயி பர்க்கார்ட் நம் மதிப்பில் உயர்ந்து நிற்கிறார். 1812 ஆகஸ்டு மாதத்தில், இபுராகிம் என்னும் பெயரில் முஸ்லிம் பயணியாக வேடமிட்டு, ஆரோன் கல்லறையில் ஆடு பலியிட நேர்ச்சை உண்டென்று சொல்லி, வழிகாட்டியுடன் அவர் பிளவினுள் புகுந்தார். புதையல் தேடுபவனோ என்று ஐயுறப்பட்டதால் அவரால் நின்று பார்க்க முடியவில்லை. குறிப்புகளையும் மறைவாகவே எழுத வேண்டியிருந்தது. தம் விவரிப்பு முழுமையற்றது என்பதை அவரே சொல்லிவிடுகிறார். இது பழைய பெத்ராவாக இருக்கக்கூடும் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளும் அந்த அடக்கம், பர்கனின் செய்யுள் ஓசை முழுவதையும் விட நமக்கு உவப்பானது. ஆனால் ஆரோனின் நினைவை அவர் நுழைவுச் சீட்டாக ஆக்கியதும், அவர் இறந்தபின் 1822இல் வெளிவந்த அந்நூலை முன்னிட்டு உலகம் பெத்ரா 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதத் தொடங்கியதும் நமக்கு உடன்பாடல்ல. அந்த வழிகாட்டிக்கு அது காணாமற்போன ஊரன்று. பிதூல் குலத்தார் 1985 வரை அக்குகைகளிலேயே குடும்பம் நடத்தினார்கள். பின்னரே அருகில் அமைந்த ஊருக்கு மாற்றப்பட்டார்கள்.

1839இல் சென்ற ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ் சீக்கின் வாயிலில் அப்போது நின்றிருந்த வளைவை வரைந்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் அது விழுந்துவிட்டதால் அவ்வோவியம் இன்று ஆவணமாகிறது. அதற்காகவே அவரைப் போற்றலாம். அகதா கிறிஸ்டி 1938இல் தம் துப்பறியும் கதையொன்றை அங்கே நிகழ்த்தினார். பாறை வெறும் பின்னணித் துணி. 1989இல் ஸ்பீல்பெர்க்கின் திரைப்படம் கஸ்னேக்குள் பொறிகளும் மர்மங்களும் நிறைந்த கூடங்களை வைத்தது. உள்ளே இருப்பவையோ அணியற்ற அறைகள். கிண்ணம் தேடும் அந்தக் கதையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் நேர்மையோடு சேர்க்க வேண்டும். பழைய பயணியர் நடந்த தரை மணலும் கல்லும் நிறைந்து மேடாகியிருந்தது. 1990களின் பிற்பகுதியில் அதை அகற்றியபோதுதான் அடியிலிருந்த பல பகுதிகள் வெளிப்பட்டன. எனவே அவர்கள் காணத் தவறியது முழுவதும் அவர்கள் பிழையன்று. இன்று எழுதுபவர்க்கு அந்தச் சமாதானம் இல்லை.

நம் மறையுரைகளுக்கும் திருப்பயண நூல்களுக்கும் இங்கே ஒரு சோதனை காத்திருக்கிறது. ஒடுக்கமான வழியைக் கண்டதும் மத்தேயு நற்செய்தியின் இடுக்கமான வாயில் நாவில் வந்துவிடுகிறது: துன்ப வழி நடந்தால் முடிவில் ஒளி. உவமை அழகாகப் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் ஆண்டவர் சொன்ன வாயில் வாழ்வுக்கு இட்டுச் செல்கிறது. இப்பிளவின் முடிவில் நிற்பதோ கல்லறை. கஸ்னேயின் அடியில் 2003இல் தோண்டியபோது அடக்க அறைகள் வெளிப்பட்டன. 2024இல் மேலும் பன்னிரண்டு பேரின் எலும்புகள் கிடைத்தன. உவமை சொல்வோர் பாதையின் இறுதி வரை நடந்து பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

இறுதி வரை நடப்பவர்க்குக் காணக் கிடைப்பவை வேறு. நான்காம் நூற்றாண்டில் பெத்ராவின் ஆயர் அஸ்தேரியுசு, ஆரியுசின் கட்சியினரோடு சார்திக்கா சங்கத்துக்குப் போய், அவர்களை விட்டு விலகி, அதற்காக லிபியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். புனித அத்தனாசியுசின் எழுத்துகளில் அவர் பெயர் நிற்கிறது. 363இல் நிலநடுக்கம் நகரைக் குலைத்தது. ஆயினும் 446இல் ஆயர் யாசோன் அரச கல்லறையொன்றை ஆலயமாக்கினார். அச்செய்தியைக் கிரேக்கத்தில் அதன் சுவரிலேயே எழுதிவைத்தார்கள். இவை பர்கன் பாடிய நகரத்தில் இல்லை. கீத்துக்குத் தேவையான நகரத்திலும் இல்லை. 1993 டிசம்பரில், அகழாய்வு நடந்துகொண்டிருந்த பேராலயத்தின் பக்க அறையில், கரியாகிப்போன ஏறத்தாழ 140 பப்பிரசுச் சுருள்கள் கிடைத்தன. ஆலயத்தை எரித்த தீயே அவற்றைக் கரியாக்கி மட்கவிடாமல் காத்தது. ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அவை மன்றாட்டுகளும் அல்ல, மறையுரைகளும் அல்ல. வீடு, தோட்டம், வாரிசுரிமை, வரி, மணக்கொடை பற்றிய ஒப்பந்தங்கள். ஒபோதியானின் மகன் தெயோதோர் என்னும் திருத்தொண்டரின் குடும்பத்தைச் சுற்றியே பெரும்பாலானவை அமைந்துள்ளன. நபத்தேய மன்னரின் பெயரை இன்னும் தாங்கிய தந்தைக்குக் கிறிஸ்தவப் பெயருள்ள மகன்!

நம் பங்குகளிலிருந்து புனித நாடு செல்லும் குழுக்கள் இப்போது பெத்ராவையும் சேர்த்துக்கொள்கின்றன. கஸ்னே முன் நின்று படம் எடுத்ததும் பேருந்துக்குத் திரும்பிவிடுவதே வழக்கம் என்று கேள்வி. தூண்கள் வரிசையாக நிற்கும் பெருவீதி வரை சென்று, அதன் வடக்கேயுள்ள மேட்டில் ஏறினால் அந்த ஆலயம் இருக்கிறது. மேலே கூரையிட்டுக் காக்கப்படும் அதன் பக்கத் தளங்களில், பறவைகளும் விலங்குகளும் பருவங்களும் சிறு வண்ணக் கற்களால் பதிக்கப்பட்டிருக்கின்றன.