ரிக்டரின் விளக்கு

அரங்கம் இருட்டாக இருக்கும். பியானோவின் மேல் ஒரே ஒரு சிறு விளக்கு. அதன் வெளிச்சம் இசைத்தாளைத் தாண்டி அதிகம் சிந்தாது. பக்கத்தில் தாள் புரட்ட ஒருவர் உட்கார்ந்திருப்பார். பியானோக் கலைஞர் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் 1980களிலிருந்து இப்படித்தான் வாசித்தார். ஏறத்தாழ 80 கச்சேரிகளுக்கான உருப்படிகளைக் கைவசம் வைத்திருந்தவர் அவர். புரொகோஃபியெவின் ஏழாவது சொனாட்டாவை நான்கே நாளில் பாடம் செய்து 1943 ஜனவரியில் மாஸ்கோவில் முதன்முதலாக அரங்கேற்றியவர். அப்படிப்பட்டவர் எதற்காகத் தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும்?

அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. வயதாக ஆக அவர் காதில் சுருதி ஏறிக் கேட்கத் தொடங்கியது. விரல் ஒரு கட்டையை அழுத்த, காது வேறொன்றைச் சொன்னது. சுருதி ஞானம் மிகுந்த ஒருவருக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. இன்னொன்று, இசையமைப்பாளர் எழுதிவைத்த அத்தனையையும் மனப்பாடமாக வாசிப்பவரால் காப்பாற்ற முடியாது, ஆகவே பார்த்து வாசிப்பதே நேர்மை என்பது. முதல் காரணத்துக்குக் கௌரவம் தேடவே இரண்டாவதைச் சொன்னார் என்று சந்தேகிக்க இடமுண்டு. இருந்தாலும், காது கெட்ட பிறகு தோன்றியது என்பதாலேயே ஒரு வாதம் பொய்யாகிவிடாது. தாள் பார்த்து வாசிப்பதை இன்னும் இளமையிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று அவர் வருந்தியும் இருக்கிறார்.

அந்த வாதத்தில் வலு இருக்கிறது. பீத்தோவன் அடிக்கடி செய்யும் ஒரு காரியத்தைப் பாருங்கள். ஒலி படிப்படியாக ஏறி வரும். உச்சத்தில் இடி விழப்போகிறது என்று காது காத்திருக்கும். அந்த இடத்தில் ‘p’, அதாவது ‘மென்மையாக’, என்று எழுதியிருப்பார். கைக்கு இது பிடிக்காது. ஏறி வந்த வேகத்தில் ஓங்கி அடிக்கவே அது விரும்பும். விரல்கள் ஸ்வரத்தை மறப்பதில்லை. மறப்பதெல்லாம் இப்படிப்பட்ட அடையாளங்களைத்தான். நூறு முறை வாசித்த பிறகு மனதில் மிஞ்சுவது இசையமைப்பாளர் எழுதியதா, நம் கை பழகியதா என்று பிரிப்பது கடினம். தாள் எதிரில் இருந்தால் அந்த ஒற்றை எழுத்து கண்ணில் படும், கை அடங்கும்.

மனப்பாடம் தொன்றுதொட்டு வந்த மரபும் அல்ல. பியானோக் கலைஞர் கிளாரா வீக், பின்னாளில் கிளாரா ஷூமன், 1837இல் பெர்லினில் பீத்தோவனின் ‘அப்பாஷனாட்டா’ சொனாட்டாவைத் தாள் இல்லாமல் வாசித்தபோது, எழுத்தாளர் பெட்டினா ஃபான் ஆர்னிம் அதை அகம்பாவம் என்றே கண்டார். லிஸ்ட்டின் தனிக் கச்சேரிகளுக்குப் பிறகு அந்த அகம்பாவம் திறமையாயிற்று, பிறகு கட்டாயமும் ஆயிற்று.

ஆனால் தாள் திறந்திருந்தால் தவறு வராது என்று ரிக்டரை வைத்தே நிறுவ முடியாது. பாஹின் ‘இத்தாலியன் கான்செர்ட்டோ’வை அவர் வாழ்நாள் முழுக்க வாசித்தார். முதுமையில் ஒருநாள் தெரியவந்தது: இரண்டாம் பகுதி முடியும் தறுவாயில் ‘எஃப்’ வாசிக்க வேண்டிய ஓரிடத்தில் நாற்பது ஆண்டுகளாக ‘எஃப் ஷார்ப்’ வாசித்து வந்திருக்கிறார். இசைக்கலைஞர்கள், ஒலிப்பதிவாளர்கள் என ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை. தம் குறுந்தகட்டோடு அந்தப் பிழையை அச்சிட்டே வருத்தம் தெரிவித்தார். 1950களில் செய்த பதிவிலும் அதே தவறு உண்டு என்று கூடவே சொல்லியும் வைத்தார். யாரும் கேட்காத ஒரு கணக்கைத் தாமே முன்வந்து ஒப்படைத்த அந்தச் செயலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த நாற்பதில் கடைசி ஆண்டுகள் தாளைத் திறந்துவைத்து வாசித்த ஆண்டுகள். சரியான ஸ்வரம் கண்ணெதிரே இருந்தது, கண் அதைக் காணவில்லை. பழகிய இடத்தில் கண்ணும் மனப்பாடமாகத்தான் படிக்கிறது.

இருட்டைப் பற்றி எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. கையையும் முகத்தையும் பார்ப்பது கவனத்தைச் சிதறடிக்கும், இசையை மட்டும் கேளுங்கள் என்பது அவர் கட்சி. நோக்கம் நல்லதுதான். நடந்தது வேறு. கரிய அரங்கில் ஒரு வெளிச்சப் புள்ளியும், அதன் அருகே முதியவர் ஒருவரின் நிழலும் தெரிந்தால் எல்லாக் கண்களும் அங்கேதான் போகும். தன்னை மறைத்துக்கொள்ள அவர் கண்ட வழி அவரைச் சுற்றி ஓர் ஒளிவட்டத்தையே எழுப்பிவிட்டது. பியானோ கற்கும் ஒரு பிள்ளைக்கு அந்தக் கைகள் இறங்கும் விதம் ஒரு பாடம் என்பதும் உண்மை.

தாளுக்கு எதிரான மிக வலுவான சாட்சியும் ரிக்டரே. 1958 பிப்ரவரியில் சோஃபியாவில் முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ வாசித்தாரே, அந்தப் பதிவு. குளிர்காலத்து அரங்கில் இருமல் ஓயவே இல்லை. தவறிய ஸ்வரங்கள் உண்டு. ஆனால் அதன் இறுதிப் பகுதியான கீவ் நகர வாயில் எழும்பும்போது உட்கார்ந்திருக்க முடியவில்லை. அன்று எதிரில் தாள் இல்லை. விளக்கடியில் வாசித்த பிற்காலப் பதிவுகளில் தெளிவு இருக்கிறது, ஆழம் இருக்கிறது. அந்தப் பாய்ச்சல் குறைவு. அது வயதால் வந்த குறைவா, தாளால் வந்ததா? இரண்டாலும் என்றே நினைக்கிறேன். நீண்ட தாவல்களுக்குக் கண் கட்டையில் இருக்க வேண்டும். தாளில் இருக்கும் கண் அதற்கு ஒரு நொடி தாமதிக்கும்.

அதேசமயம், தாள் இல்லாவிட்டால் வேறு சில வாசிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கவே மாட்டா. 1993இல், 78 வயதில், ஷ்வெட்சிங்கன் நகரில் கெர்ஷ்வினின் கான்செர்ட்டோவை வாசித்தார். அந்த வயதில் புதிதாக ஒன்றை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தால் யார் துணிவார்கள்? இன்று கைக்கணினியில் தாளை வைத்து, காலால் பக்கம் திருப்பி வாசிக்கும் கலைஞர்கள் பலர். மேடையில் அது இழுக்காகத் தெரிவதில்லை. ஆனால் பெரிய பியானோப் போட்டிகளின் தனிச்சுற்றுகளில் இருபது வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இன்னும் வெறுங்கையோடுதான் ஏறுகிறார்கள். நான்கு ஸ்வரம் மறந்துபோனால் அவர்களுடைய பல ஆண்டு உழைப்பு அங்கேயே சாய்ந்துவிடும். ரிக்டருக்கு முதுமையில் கிடைத்த விளக்கை அவர்கள் பக்கம் நகர்த்திவைக்க இன்னும் பலருக்கு மனம் வரவில்லை.