விட்டுக்கொடுக்கும் விரல்

பேக்பைப்பும் டிரம்மும் சேர்ந்து வாசிக்கும் பைப் பேண்டுகளின் ரசிகர்களுடைய கண் முதலில் பைப்பரின் விரலுக்குத்தான் போகிறது. எவ்வளவு வேகம், எத்தனை அலங்காரம், ரீல் என்ற வேகமான நடன மெட்டில் டபுளிங் என்ற இரட்டை அலங்காரம் ஒன்றையாவது விழுங்கினாரா என்று எண்ணிக்கொண்டே நிற்கிறார்கள். விழுங்கியவர் கண்ணில் பட்டால் 'கை போதாது' என்று அங்கேயே தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். இந்தக் கணக்கு அடியோடு தவறு என்பது என் கட்சி. எந்த இடத்தில் எந்த அலங்காரத்தை விடலாம் என்று தெரிந்து, அதை அந்த நொடியிலேயே விட்டுவிடுகிறவர்தான் வட்டமாக நின்று வாசிக்கும் அணியில் சிறந்த கலைஞர்.

இதைப் பார்க்க ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீனில் நடக்கும் உலகப் போட்டிவரை காத்திருக்க வேண்டாம். போட்டிப் பருவம் ஓய்ந்து, குளிர் இறங்கியபின் ஸ்காட்லாந்தில் நடக்கும் வார இறுதி இசை முகாம்களே இதற்குச் சரியான களம். வெவ்வேறு அணிகளிலிருந்து, வெவ்வேறு கிரேடுகளிலிருந்து (போட்டித் தரநிலைகள்; முதல் கிரேடே உச்சம்) வந்தவர்கள் அங்கே ஒன்றாக உட்காருகிறார்கள். சனிக்கிழமை காலை ஒரு மேசையைச் சுற்றி, பையில்லாத பயிற்சிச் சான்ட்டர்களில் (விரல் வைத்து வாசிக்கும் குழல்) பாட்டைப் பிரித்துப் படிக்கிறார்கள். டிரம்காரர்கள் இன்னொரு அறையில் ரப்பர் பலகையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். மதியத்துக்குமேல் முழு பைப்பைத் தோளில் ஏற்றுவார்கள். ஞாயிறு பிற்பகலில் எல்லோரும் வட்டமாக நின்று ஒரே அணியாக வாசிப்பார்கள். அவரவர் அணியில் அதே பாட்டுக்கு அவரவர் பாடம் இருக்கும். இங்கே எல்லோருக்கும் பொதுவான ஒரு புதுப் பாடம். பழகிய விரல் ஒரு பக்கம் இழுக்கும், படித்த தாள் இன்னொரு பக்கம் இழுக்கும். கலைஞரின் முடிவெடுக்கும் திறன் வெளிப்படுவது இந்த இழுபறியில்தான்.

அப்படியொரு முகாமில், மூன்றாம் கிரேடு அணியிலிருந்து வந்திருந்த ஒரு பைப்பரை விடாமல் கவனித்தேன். ரீலின் மூன்றாம் பாகத்தில் வேகம் கூடியது. சி சுரத்தின்மேல் வரிசையாக டபுளிங்குகள். முதல் இரண்டை முழுசாக வாசித்தவர், மூன்றாவதில் ஜி கிரேஸ் நோட்டை (சுரத்தை ஒட்டி மின்னி மறையும் குறுஞ்சுரம்) மட்டும் வைத்துக்கொண்டு டி கிரேஸ் நோட்டை விட்டுவிட்டார். அடுத்த அடி நேராகத் தாளத்தில் விழுந்தது. அதற்கடுத்த டபுளிங் மறுபடி முழுசாக வந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். நான் கண்டதோ அன்றைய பிற்பகலின் மிகச் சிறந்த வாசிப்பு.

ஏன் என்று கருவியே சொல்லும். பேக்பைப்பில் மெல்ல வாசிப்பது என்பது கிடையாது. நடுவில் ஒரு கணம் நிறுத்தி மூச்சு வாங்குவதும் கிடையாது. பையில் அழுத்தம் இருக்கும்வரை சான்ட்டர் ஒலித்துக்கொண்டே இருக்கும். லோ ஜி முதல் ஹை ஏ வரை ஒன்பது சுரங்கள். உரப்பைக் கூட்டவும் குறைக்கவும் வழியில்லை. கூடவே இரண்டு டெனர் ட்ரோன்களும் ஒரு பேஸ் ட்ரோனும் ஓயாமல் சுருதி பிடிக்கும். ஒரே சுரத்தை அடுத்தடுத்து இரண்டு முறை வாசிக்க வேண்டுமென்றால்கூட, நடுவில் ஒரு கிரேஸ் நோட்டால் வெட்டித்தான் பிரிக்க முடியும். அலங்காரம் என்று நாம் சொல்வது இந்தக் கருவியில் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. தாளத்தை எடுத்துக்காட்ட அதற்கு வேறு வாய் இல்லை.

இப்போது ஒரே மாதிரி ஒலிக்கும் இருபது சான்ட்டர்களை நினைத்துப் பாருங்கள். பத்தொன்பது பேர் ஒரு டபுளிங்கை முழுசாக வாசிக்கிறார்கள், ஒருவர் பாதியை விடுகிறார். அந்த இடம் ஒரு நூலளவு மெலிந்து ஒலிக்கும், அவ்வளவுதான். அதே ஒருவர் முழுசாகத்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, கண்ணிமைக்கும் நேரம் பிந்தினால்? பத்தொன்பது பேரின் வெட்டு ஒரே இடத்தில் விழுந்து முடிந்தபின், இவருடைய வெட்டு தனியாகத் தெறித்துக் கேட்கும். மறைக்க வழியே இல்லை. விட்டது மறையும், பிந்தியது கேட்கும். ரசிகர்கள் மறைந்ததைத் தேடிப் பிடித்துக் குறை சொல்கிறார்கள், கேட்டதை மன்னித்துவிடுகிறார்கள்.

அந்த பைப்பர் எதை வைத்துக்கொண்டார் என்பதும் முக்கியம். டபுளிங்கில் தாளம் விழுவது முதல் கிரேஸ் நோட்டில். ஜி நின்றால் அடி நிற்கும்; டி அதைத் தொடர்ந்து வரும் நகாசு. அவர் நகாசை விட்டு அடியைக் காப்பாற்றினார். ஒரே சுரம் இரட்டிக்கும் இடமாக இருந்து, நடுவிலிருக்கும் ஒற்றைக் கிரேஸ் நோட்டை விட்டிருந்தால் இரண்டு சுரங்களும் ஒட்டிக்கொண்டு பாட்டே மாறியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் அவர் கை வைக்கவில்லை. பாட்டின் எலும்பு எது, சதை எது என்று தெரிந்த கைதான் இப்படிச் செய்யும்.

இன்னொன்று கையைவிட ஆழமான விஷயம்: பை. கடினமான ஒரு விரல்வேலையைப் பிடித்தே தீருவேன் என்று திணறும்போது தோளும் முழங்கையும் இறுகும், பையின் அழுத்தம் ஏறி இறங்கும். உடனே சீவாளி காட்டிக்கொடுத்துவிடும். சான்ட்டரின் சுருதி நகரும், ட்ரோன்களும் ஆடும். அணித் தலைவரான பைப் மேஜர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சான்ட்டர் துளைகளின்மேல் டேப்பை இம்மி இம்மியாக நகர்த்திச் சேர்த்த சுருதி ஒரு நொடியில் வீணாகிவிடும். விரலில் விட்டுக்கொடுத்தவரின் மூச்சு சீராக இருக்கும். அன்று அந்த வட்டத்தில் ட்ரோன் ஆடாமல் நின்ற சிலரில் அவரும் ஒருவர். அதை யாரும் பாராட்டவில்லை.

இந்தத் தவறான பார்வை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. இந்தக் கலையின் பெருமை தனி வாசிப்பில் பிறந்தது. ஓபன் நகரின் ஆர்கில்ஷயர் கேதரிங், இன்வர்னஸின் நார்தர்ன் மீட்டிங் போன்ற மேடைகளில் ஒற்றை ஆள் பீப்ரோக் என்னும் மரபான பெரும் இசைவடிவத்தை வாசிக்கும்போது, விட்டுப்போன ஒரு கிரேஸ் நோட்டும் தப்பாது. அங்கே அது தப்பக்கூடாது. 1944-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய காலேஜ் ஆஃப் பைப்பிங் முதல் இன்றைய ஆசிரியர்கள்வரை, முதலில் கற்பிப்பது துல்லியமான தனிவிரல்தான். அந்த அடித்தளம் இல்லாமல் எதுவும் நிற்காது. ஆனால் அந்த அளவுகோலை அப்படியே தூக்கிவந்து வட்டத்தின்மேல் வைப்பது அநியாயம். கோஷ்டியாகப் பாடும்போது பெரிய வித்வானும் தன் பிருகாவைத் தொண்டைக்குள்ளேயே நிறுத்திக்கொள்கிறார். அவருக்குப் பாடத் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை.

போட்டி விதிமுறையே என் பக்கம்தான் நிற்கிறது. 1930-இல் தொடங்கிய, இன்று ராயல் ஸ்காட்டிஷ் பைப் பேண்ட் அசோசியேஷன் என்று அழைக்கப்படும் சங்கத்தின் பெரிய போட்டிகளில் வழக்கமாக நான்கு நடுவர்கள்: பைப்புக்கு இருவர், டிரம்முக்கு ஒருவர், மொத்த இசைவுக்கு ஒருவர். இரண்டு அணிகள் சமநிலையில் நின்றால் முடிவைத் தீர்மானிப்பது இசைவு நடுவர் தந்த இடம். விரல் நகாசை எண்ணும் நடுவருக்கு அந்த உரிமை இல்லை. விதி எழுதியவர்களுக்குப் புரிந்தது ரசிகர்களுக்கு ஏன் புரியவில்லை?

டிரம் பக்கமும் இதே கதைதான். ஸ்நேர் டிரம்மின் தோல் அவ்வளவு இறுக்கம், ஒலி அவ்வளவு கூர்மை. பிந்திய ஒரு குச்சி, எழுதாத ஒரு ஃப்ளாமாக, அதாவது இரட்டைத் தட்டாகக் கேட்கும். தலைமை டிரம்காரர் தனியாக வாசித்துவிட்டு மற்றவர்களை உள்ளே இழுக்கும் இடத்தில், உருட்டலின் நடுவில் ஓர் அடியை விட்டு முடிவை மட்டும் சேர்ந்து முடிக்கத் தெரிந்தவர் எந்த அணிக்கும் சொத்து. எல்லா அடியையும் அடித்து முடிவில் பிந்துகிறவர் சுமை.

இதைச் சோம்பலுக்குக் கொடுத்த உரிமம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரியாததால் விடுவது வேறு, தெரிந்து விடுவது வேறு. வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். தெரியாமல் விட்டவருக்கு அடுத்த அடியும் தடுமாறும், கால் தட்டு குலையும், கண் பக்கத்தில் இருப்பவர் விரலுக்கு ஓடும். தெரிந்து விட்டவருக்கு அடுத்த அடி ஆணி அடித்ததுபோல் விழும். விட்டதை வீட்டுக்குப் போய் மறுநாளே பயிற்சிச் சான்ட்டரில் பிடித்துக்கொண்டு உட்காருவார். எல்லோரும் ஒரே இடத்தில் விடுகிறார்கள் என்றால் குற்றம் கலைஞர்களுடையதல்ல. அந்த அணிக்கு அந்தப் பாடத்தைக் கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி வரும் பருவங்களைப் பற்றி என் கணிப்பைத் துணிந்தே சொல்கிறேன். முதலாவது, நான்காம் கிரேடிலும் மூன்றாம் கிரேடிலும் எளிய பாடங்கள் திரும்பி வரும். முதல் கிரேடு அணிகளின் பாடத்தை அப்படியே நகலெடுத்துத் திணறும் அணிகள் கீழே இறங்கும்; பாதி அலங்காரத்தோடு ஒரே அடியில் நடக்கும் அணிகள் மேலே ஏறும். இரண்டாவது, மழையும் குளிருமாக ஒரு நாள் கிளாஸ்கோ கிரீனில் விரல்கள் விறைக்கும்போது, வேகத்தை நம்பி வந்தவர்கள் சிதறுவார்கள். விடத் தெரிந்தவர்கள் நிலைப்பார்கள். மூன்றாவது, வார இறுதி முகாம்களின் நேர அட்டவணை மாறும். இரண்டு நாளில் எத்தனை புதுப் பாட்டு என்று விளம்பரம் செய்வது குறையும். ஒரே பாட்டை, சனிக்கிழமை காலை முதல் ஞாயிறு பிற்பகல்வரை, வட்டத்தில் நின்று கேட்கப் பழக்கும் முகாம்களுக்குத்தான் கூட்டம் சேரும். நான்காவது, நான் பார்த்த அந்த மூன்றாம் கிரேடு பைப்பர் அங்கேயே தங்கமாட்டார். காது உள்ள ஒரு பைப் மேஜர் அவரைத் தன் அணிக்கு அழைத்துக்கொள்வார். அப்போது அவருடைய விரலைப் பார்த்து முகம் சுளித்தவர்கள், அந்த அணியின் இசைவைப் புகழ்ந்துகொண்டிருப்பார்கள்.

முகாம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலங்காரத்தை எப்படி வாசிப்பது என்று கற்பிக்கும் அதே வேளையில், எப்போது விடுவது என்றும் கற்பியுங்கள். விட்டவரை எழுப்பி நிறுத்தித் திருத்தும்முன் அவருடைய அடுத்த அடியைக் கேளுங்கள். ரசிகர்களுக்கும் அதையேதான் சொல்வேன்: அடுத்த முறை வட்டத்தின் அருகே நிற்கும்போது விரலை எண்ணுவதை நிறுத்திவிட்டு, அடி எங்கே விழுகிறது என்று மட்டும் கேளுங்கள்.