வேடத்தைக் காதலித்த மங்கையர்

பெண் வேடம் பூண்ட நடிகனொருவனிடம் ஒரு பெண் மனத்தைப் பறிகொடுத்தாள் எனில், நம்மவர் உடனே கூறும் விடை ஒன்றுண்டு: வேடத்துக்குள் மறைந்திருந்த ஆண்மகனை அவள் கண்டுகொண்டாள் என்பதே அது. இவ்விடை எளிது, ஆயினும் பிழையானது என்பது நம் துணிபு. கோன் இச்சிகாவா என்னும் ஜப்பானிய இயக்குநர் 1963-இல் வெளியிட்ட 'யூகினோஜோ ஹெங்கே' என்ற படத்தைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் அந்நாட்டு மேடையின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். ஒழுக்கம் கெடுகிறதென்று கூறி 1629-இல் ஆட்சியாளர் பெண்களைக் கபுக்கி மேடையினின்று விலக்கினர். அவர்கள் இடத்துக்கு இளைஞர் வந்தனர். அவர்கள்மீதும் மோகம் பெருகவே, 1652-இல் அவர்களும் விலக்கப்பட்டனர். பின்னர் வயது முதிர்ந்த ஆடவரே பெண் வேடம் ஏற்றனர். ஒன்னகாட்டா எனப்படும் இவர்கள் நம் நாடகக் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட்காரரை ஒத்தவர்கள். இவர்களுள் புகழ்பெற்ற யோஷிசாவா அயாமே (1673–1729), ஒன்னகாட்டா ஆனவன் மேடைக்கு வெளியிலும் பெண்ணாகவே ஒழுகவேண்டும் என்று கற்பித்தார். எடோ நகர மாதரோ இந்நடிகர்களின் உடை நிறத்தையும் கூந்தல் முடிப்பையும் பார்த்துத் தாமும் அவ்வாறே புனைந்துகொண்டனர். பெண்மை இன்னதெனப் பெண்ணுக்கு ஆண் கற்பித்த விந்தை! சீர்திருத்தம் பேசும் நமக்கு இஃது உவப்பானதன்று. ஆயினும் நடந்தது அதுவே.

படத்தின் நாயகன் யூகினோஜோ அத்தகைய ஒன்னகாட்டா. தன் பெற்றோரைச் சாவுக்குத் தள்ளிய மூவரைப் பழிவாங்க எடோவுக்கு வருகிறான். அம்மூவருள் முதல்வனான சன்சாயின் மகள் நாமிஜி, நாடாளும் ஷோகனின் காதற்கிழத்தி. மேடையில் நங்கையாக ஆடும் யூகினோஜோவைப் பார்த்த அளவில் அவள் உள்ளம் இழக்கிறாள். நாட்டிலேயே வல்லமை மிக்க ஆண்மகனை உடையவளுக்கு மேலும் ஓர் ஆண்மகனா குறை? அவள் கண்டது நடையை, விரலசைவை, தழைந்த குரலை. தனிமையில் இருவரும் சந்திக்கும் காட்சியிலும் அவன் வேடம் களைவதில்லை, குரலை மாற்றுவதில்லை. பெண்ணுடை தரித்த இருவர் அருகருகே அமர்ந்து காதல் பேசுகின்றனர். உள்ளிருக்கும் ஆணை வெளியே வா என்று அவள் ஒருகாலும் அழைத்தாளில்லை.

ஓஹாட்சு என்னும் திருடியோ வேறு வகையினள். வாய்த்துடுக்கு மிக்கவள், ஆடவரைத் துரும்பென மதிப்பவள். அவளும் இவனிடமே மயங்குகிறாள். மயங்கிய தன்மீதே சினமும் கொள்கிறாள். தன் விருப்பம் இத்திசையில் ஓடுமென அவளே அறிந்திருக்கவில்லை. இவ்வியப்பை மறையாது காட்டியதே இப்படத்தின் சிறப்பென்போம். ஆணை விரும்புவாள், அல்லது பெண்ணை விரும்புவாள் என இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு மாதர் மனத்தை அடைக்க முயல்வோர் ஓஹாட்சுவை எப்பெட்டியில் வைப்பார்கள்?

நாயகனாக நடித்த கசுவோ ஹசெகாவாவுக்கு அப்போது 54 வயது. 1935-இல் இதே கதை முதன்முறை படமானபோதும் அவரே நடித்தார். இளமை கழிந்த முகம், தடித்த பூச்சு. கிழவரை யார் காதலிப்பார் என்று சிரிப்போரும் உளர். அச்சிரிப்பு நம் கட்சிக்கே துணை செய்கிறது. மங்கையரை ஈர்த்தது வாலிபன் மேனியன்று, பயின்று பயின்று கைவந்த கலை என்பது இதனால் நன்கு விளங்கும்.

நமக்குள்ள குறை ஒன்று. நாமிஜியின் அன்பைப் பழிதீர்க்கும் கருவியாக்குகிறான் யூகினோஜோ. அவள் மாண்டே போகிறாள். அவன் வருந்துகிறான், மெய்தான். எனினும் அறத்தை மீறிய ஆசைக்குப் பெண்ணே உயிரைக் கூலியாகத் தரவேண்டும் என்னும் பழைய கணக்கை இத்துணைத் துணிவுடைய படமும் தள்ளவில்லை. நம் நாடக நினைவுகளிலும் ஸ்திரீபார்ட்டைக் கண்டு மயங்கிய மிராசுதார் கதைகளையே நாம் படித்திருக்கிறோம். அதே கொட்டகையில் அமர்ந்திருந்த மனைவியர் என்ன நினைத்தனர் என்பதை எழுதியவரைக் கண்டிலோம்.

இதே ஹசெகாவா 1974-இல் தக்கரசூக்கா குழுவினர்க்கு 'வெர்சேல்ஸ் ரோஜா' நாடகத்தை இயக்கித் தந்தார். அக்குழுவில் நடிப்போர் யாவரும் பெண்கள். ஆண் வேடமும் அவர்களதே. காண வருவோரிலும் பெரும்பாலோர் பெண்கள். ஆணாக வளர்க்கப்பட்ட ஆஸ்கார் என்னும் பெண்ணை அவர்கள் கண்ணீர் மல்கக் காதலித்தனர். ஆட்டம் முடிந்ததும் எழுந்து வீடு சென்றனர்.