ட எழுதிப் பாருங்கள்

பழைய பேனா ஒன்று கைமாறும்போது எல்லாரும் உடலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கட்டையில் கீறல் இருக்கிறதா, கிளிப் ஆடுகிறதா, வளையத்தில் பொன்முலாம் மிச்சமிருக்கிறதா. விவரம் தெரிந்தவர் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கடிகாரக்காரர் மாதிரி லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு முள்ளை மட்டும் பார்ப்பார். ஒரே உடலைக் கணக்குப்பிள்ளைக்கும் விற்கலாம், காதல் கடிதம் எழுதுபவருக்கும் விற்கலாம். முள் அப்படி அல்ல. அது ஒரு தொழிலுக்கென்று தீட்டப்பட்டது.

இதை ஒளிக்காமல் முள்ளிலேயே எழுதிவைத்த நிறுவனம் அமெரிக்காவின் வாட்டர்மேன். 1927இல் வந்த அதன் 7ஆம் எண் பேனாவுக்கு விலையும் 7 டாலர்தான். மூடியில் ஒரு வண்ண வளையம். முள்ளில் சாவித்துவாரம் போன்ற மூச்சுத்துளை, கூடவே அந்த வண்ணத்தின் பெயர். ‘ரெட்’ என்றால் வீட்டுக் கடிதங்களுக்கான பொதுமுள். ‘பர்ப்பிள்’ விறைப்பான மெல்லிய முள். பேரேட்டில் பொடி இலக்கம் எழுதும் கணக்கருக்கு. ‘கிரீன்’ எவ்வளவு அழுத்தினாலும் விரியாது. கார்பன் தாள் வைத்துப் படி எடுப்பவருக்கு. ‘ப்ளூ’ பட்டைமுனை. ‘யெல்லோ’ உருண்டைமுனை, எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடுவதால் இடதுகைக்காரர்களுக்குச் சிபாரிசு செய்யப்பட்டது. ‘பிங்க்’ மெல்லியது, நெளிந்து கொடுப்பது. இன்று விலை ஏறிப்போனது அந்தப் பிங்க்தான்.

பிங்க் முள்ளைச் சுருக்கெழுத்தர்கள் விரும்பினார்கள். பிட்மன் முறை படித்தவர்களுக்குக் காரணம் சட்டென்று புரியும். அதில் ஒரே கோடு மெல்லியதாக விழுந்தால் ஓர் ஒலி, தடித்து விழுந்தால் வேறு ஒலி. அழுத்தினால் விரிந்து, விட்டால் கூடிக்கொள்ளும் முள் இல்லாமல் அந்தக் கோடுகளைப் பேனாவில் வேகமாகப் போட முடியாது. கிரெக் முறையில் தடிமனுக்குப் பொருளே கிடையாது. அதனால்தான் நியூஜெர்சியின் கேம்டனில் இருந்த எஸ்டர்புரூக், கிரெக் முறைக்காரர்களுக்கென்று செய்த 1555ஆம் எண் முள்ளை மெல்லியதாகவும் விறைப்பாகவும் செய்தது. இரண்டு சுருக்கெழுத்து, இரண்டு உலோக குணம்.

எஸ்டர்புரூக் முட்களைப் பேனாவிலிருந்து திருகிக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். அடையாளம் நான்கு இலக்க எண்ணில் இருக்கிறது. 2668க்கும் 9668க்கும் வெட்டு ஒன்றுதான். 9இல் தொடங்குவதற்கு நுனியில் தேயாத கடின உலோகம் ஒட்டியிருக்கும். மற்றதில் எஃகே நுனி. 9128 என்று கண்டால் விடாதீர்கள்: மிக மெல்லியது, நெளியக்கூடியது. ஜெர்மனியின் பெலிக்கான் ஓரிரு எழுத்தில் சொல்லிவிடும். ‘கே’ என்றால் உருண்டைமுனை. ‘டி’ என்றால் படியெடுக்கும் விறைப்பு. ‘சிஎன்’ என்றிருந்தால் தங்கம் மறுக்கப்பட்ட போர்க்காலத்து குரோம்-நிக்கல் எஃகு.

எழுத்தே இல்லாத முட்கள்தான் அதிகம். அவற்றுக்கு நான் வைத்திருக்கும் சோதனை நம் ‘ட’. ஒரு நெட்டுக்கோடு, ஒரு கிடைக்கோடு; அவ்வளவுதான். அழுத்தாமல் எழுதும்போதே நெட்டு தடித்துக் கிடை மெலிந்தால் பட்டைமுனை. கிடை தடித்து நெட்டு மெலிந்தால் அபூர்வம்: கட்டிடக் கலைஞர்களின் பெயரால் வழங்கும் வெட்டு. மெல்லிய கோடு இரண்டிலும் விழாமல் சாய்கோட்டில் விழுந்தால் சாய்வெட்டு. லேசாக எழுதும்போது இரண்டும் ஒரே தடிமனாய் இருந்து, சற்று அழுத்தியதும் நெட்டு மட்டும் பெருத்தால் நெளிமுள். பெருக்கவே இல்லையென்றால் விறைப்பு முள். ஆனால் அழுத்துவதற்கு முன் முள்ளைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல ஊன்றி, பிளவின் இருபுறத்து இதழ்கள் பிரிகின்றனவா என்று பாருங்கள். ஒருமுறை பிதுங்கிப்போன தங்கம் தானாகத் திரும்பாது.

இரண்டு பிளவும் மூன்று இதழும் கொண்ட இசைமுள்ளுக்கு மட்டும் சோதனை தேவையில்லை. சுரக்குறி எழுத மை தாராளமாக இறங்க வேண்டும் என்பதற்காகவே இரண்டாவது பிளவு.

ஏமாற்றுவது தேய்மானம். பல ஆண்டுகள் ஒரே கோணத்தில் தேய்ந்த சாதாரண முள்ளும் சாய்வெட்டு மாதிரியே எழுதும். விற்பவர் அதைச் சாய்வெட்டு என்றே நம்பியிருப்பார். லென்ஸுக்கு அடியில் விஷயம் வெளிவரும். பட்டறையில் வெட்டிய நுனிக்கு ஓரங்கள் திருத்தமாக இருக்கும். இரண்டு இதழிலும் கடின உலோகம் போதிய அளவு நிற்கும். தேய்ந்ததில் ஒரு பக்கம் மட்டும் வழுவழுவென்று தட்டையாகி, உலோகம் காகிதம்போல் மெலிந்திருக்கும்.

என்னிடம் அப்படி ஒரு ‘ரெட்’ இருக்கிறது. எல்லாருக்குமான முள் என்று பொறித்து வந்தது. சாய்வெட்டு என்று நினைத்து வாங்கினேன். லென்ஸ் என் முகத்தில் கரி பூசியது. ‘ட’ எழுதினால் கிடைக்கோட்டில் பிறாண்டும். ஒருநாள் பேனாவை விரல்களுக்குள் சற்றே இடப்பக்கம் உருட்டிப் பிடித்தேன். பிறாண்டல் நின்றது. தண்ணீரில் போவதுபோல் போனது. யாரோ ஒருவர் வாழ்நாள் முழுக்கப் பிடித்த பிடி அது. எல்லாருக்குமென்று வந்த முள் அவர் ஒருவருக்காகிவிட்டது. சரிசெய்யக் கொடுக்கலாம் என்றார்கள், கொடுக்கவில்லை. அதில் எழுத உட்காரும்போது என் பிடியை மாற்றிக்கொள்கிறேன்.