குடும்பப்பெயரும் ஒலிக்குறியீடும்

ஒரே குடும்பப்பெயர் பல எழுத்துருவங்களிற் பதியப்பெறுவது கிழக்கு ஐரோப்பிய யூதர் வரலாற்றிற் பெருவழக்காகும். யூதர் நிலையான குடும்பப்பெயர் பூணவேண்டுமென 1787 இல் ஒஸ்திரியப் பேரரசும் 1804 இல் உருசியப் பேரரசும் சட்டம் விதித்தன. அப்பெயரை வீட்டார் யிடிஷ் மொழியில் வழங்கி எபிரேய எழுத்தில் எழுதினர். பதிவாளரோ ஆட்சிக்கேற்பப் போலிஷ், ஜேர்மன், உருசியம் என வெவ்வேறு நெறியில் எழுதினர். போலந்து இராச்சியத்துப் பதிவேடுகள் 1868 முதல் உருசிய மொழிக்கு மாறின. கடல்கடந்தோர் பெயர் பின்னர் ஆங்கில நெறிக்கும் உட்பட்டது. (அமெரிக்கத் துறைமுக எழுத்தரே பெயர்களை மாற்றினர் என்னும் கதை பொருந்தாது, பயணிகள் பட்டியல் கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது.) 1939 க்கும் 1945 க்கும் இடையில் ஊர்கள் ஊர்களாக மக்கள் அழிக்கப்பட்டபின், உற்றாரைத் தேடுவோர் பலருக்கு எஞ்சிய சான்று பதிவேட்டிலுள்ள பெயரொன்றே. ஆதலின், ஒலியாற் பெயர் தேடும் முறைகளை மதிப்பிடுவது வெறும் அட்டவணைக் கலையின் பாற்பட்டதன்று.

இத்துறையில் முதலிற் பரவியது அமெரிக்கரான றொபேட் றசல் 1918 இற் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் என்னும் முறையின் வழிவந்ததாகும். 1930களில் ஐக்கிய அமெரிக்காவின் பழைய குடிசனமதிப்பு ஏடுகளுக்கு அட்டவணை செய்தோர் இதனையே கையாண்டனர். பெயரின் முதலெழுத்து அப்படியே நிற்க, தொடரும் மெய்கள் ஆறு வகுப்பாக்கப்பட்டு எண் பெறும், உயிர்கள் விடப்படும், ஓரெழுத்தும் மூவெண்ணும் குறியீடாகும். ஆங்கிலப் பெயர்க்கு இது பெரிதும் ஏற்றதே. ஆனால் அது தன்னை ஒலிக்குறியீடு எனக் கூறிக்கொண்டு எழுத்தையே எண்ணுகின்றது. ஆங்கிலத்தில் டபிள்யூ அரையுயிராதலின் இம்முறை அதனைத் தள்ளிவிடுகிறது. வீ என்பதற்கோ 1 என்னும் எண்ணைத் தருகிறது. போலிஷ் மொழியிலும் ஜேர்மன் மொழியிலும் டபிள்யூவின் ஒலி வீயின் ஒலியே. இதனால் மொஸ்கோவிற்ஸ் என்னும் பெயரை டபிள்யூ இட்டு எழுதினால் எம் 232 எனவும், வீ இட்டு எழுதினால் எம் 213 எனவும் குறியீடு வேறாகும். இரண்டையும் வகரத்தாலேயே எழுதும் தமிழர்க்கு இப்பிரிவு வியப்பளிக்கும். முதலெழுத்தை மாற்றாமல் விடுவதும் மற்றொரு குறை. ஆவர்பாக், ஓர்பாக் என்பன ஒரே பெயரின் வடிவங்களாயினும் முன்னது ஏ 612. பின்னது ஓ 612.

1921 முதல் 1948 வரை பாலஸ்தீனத்திற் சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்ட ஏறக்குறைய 28,000 பேரின் பட்டியலுக்கு அட்டவணை செய்த கரி மொகொட்டொவ் இக்குறைகளை நேரிற் கண்டார். 1985 இல் அவோதேனு என்னும் இதழின் முதலிதழில் யூதப் பெயர்களுக்கெனத் தனிக்குறியீடொன்றை அவர் முன்மொழிந்தார். றண்டி டைச் அதனை விரித்துத் திருத்தினார். டைச்–மொகொட்டொவ் முறை என இன்று வழங்குவது இதுவே. இதிற் குறியீடு ஆறெண் கொண்டது. முதலெழுத்தும் எண்ணாக மாறும். பல எழுத்துக் கூடி ஓரொலி உணர்த்துமாயின் அக்கூட்டம் ஓரலகாகக் கொள்ளப்படும். ஷகர ஒலியைப் போலிஷ் மொழியினர் எஸ், இசட் என்னும் ஈரெழுத்தாலும் ஆங்கிலர் எஸ், எச் என்பவற்றாலும் எழுதுவர். இரண்டிற்கும் எண் 4. ஆகவே ஷ்லமொவிச், ஷ்லமோவிற்ஸ் என்னும் பெயர்கள் எந்நெறியில் எழுதப்படினும் 486740 ஆகின்றன. மொஸ்கோவிற்ஸ் இருவடிவிலும் 645740.

எனினும் இம்முறையின் உண்மையான சிறப்பு எண்களின் தொகையில் இல்லை. ஐயத்தை ஐயமாகவே ஏற்பதில் உள்ளது. சீ, எச் என்னும் எழுத்திணை ஜேர்மன் நெறியில் ஆவர்பாக் என்பதன் ஈற்றிலுள்ள உரசொலி. ஆங்கில நெறியில் சகர ஒலி. எழுதியவர் எந்நெறியினர் என்பது ஏட்டிற் காணப்படாதவிடத்து, ஒன்றைத் துணிந்து மற்றொன்றைக் கைவிடுவது தவறு. டைச்–மொகொட்டொவ் முறை 097500, 097400 என இரு குறியீடும் தருகின்றது. இதன் பயனை ஹூர்விற்ஸ் என்னும் பெயரிற் காணலாம். பொகீமியாவிலுள்ள ஹொர்ஷோவிற்சே என்னும் ஊரின் வழிவந்த இப்பெயர், ஹகரத்திற்குத் தனியெழுத்தில்லாத உருசிய நெறியிற் கூர்விச் ஆயிற்று. பழைய முறையில் ஒன்று எச் 632. மற்றது ஜீ 612. புதிய முறையில் ஹூர்விற்ஸ் 597400. கூர்விச் 597500, 597400. முதல் மெய்கள் 5 என்னும் ஒரே வகுப்பினவாதலாலும், ஈற்று மெய்க்கு இரண்டு எண் தரப்பட்டதாலும், வெவ்வேறு பேரரசின் ஏடுகளிற் பிரிந்துபோன உறவினர் ஓரெண்ணில் வந்து கூடுகின்றனர்.

குறைகளும் உள. மகரமொழிந்த இதழொலிகள் யாவும் 7 என்னும் ஒரே வகுப்பில் அடைக்கப்பட்டுள்ளன. எபிரேய எழுத்தில் 'பேத்' என்பது புள்ளியின்றி எழுதப்படும்போது ஒலிப்புடைப் பகரத்திற்கும் வகரத்திற்கும், 'பே' என்பது ஒலிப்பிலாப் பகரத்திற்கும் இதழுரசொலிக்கும் பொதுவாய் நிற்பதால், அவ்விரண்டிரண்டை இணைத்தது தகும். நான்கையும் ஒன்றாக்கியது மிகை. லெவின், லாபின் இரண்டும் 876000 ஆகின்றன. உயிர்கள் சொல்முதலிலன்றிப் பெரும்பாலும் மதிக்கப்படாமையால், ரபி என்னும் குருப்பட்டத்தின் வழிவந்த றபின் என்பதும், றூபின் என்பதும் 976000 என்றே வருகின்றன. பெரிய அட்டவணையில் தேடுவோர் தொடர்பற்ற பெயர்கள் பலவற்றைக் களைந்தே தமக்குரியதைக் காணவேண்டும்.

இக்குறையைப் போக்கவே அலெக்சாண்டர் பைடரும் ஸ்டீவன் மோர்சும் 2008 இல் வேறொரு முறையை வெளியிட்டனர். பைடர் உருசியப் பேரரசின் யூதப் பெயர்களுக்கு 1993 இல் அகராதி கண்ட அறிஞர். மோர்ஸ் 8086 என்னும் கணினிச் சில்லின் வடிவமைப்பாளர். எழுத்துக்கோலத்தைக் கொண்டு பெயரின் மொழியை ஊகித்து, அம்மொழி விதிப்படி ஒலிவடிவை ஆக்கி ஒப்பிடுவது இவர்தம் முறை. மொழி துணியப்படாதவிடத்துப் பொதுவிதி வழங்கும். மொழியியல் நோக்கில் இஃது உயர்ந்ததென்பதில் ஐயமில்லை. ஆயினும், போலிஷ் ஏட்டிலிருந்து உருசிய ஏட்டிற்கும், அங்கிருந்து ஆங்கிலத்திற்கும் சென்ற பெயரின் எழுத்துக்கோலம் ஒரு மொழியின் சான்றாக முற்றும் நிற்பதில்லை. ஊகம் பிழைக்குமாயின் உரிய பெயர் பட்டியலில் வாராது. வாராத பெயரைத் தேடுவோர் அறியவும் மாட்டார். மிகையாக வந்த லாபினைக் கண்ணாற் கண்டு ஒதுக்கிவிடலாம். துல்லியத்தை நாடுவோர் இவ்விருவகைப் பிழையையும் சமமாக எண்ணுதல் பொருந்தாது. தனியொருவர் உறவு தேடும் பணிக்குப் பழைய முறையின் தளர்ச்சியே இன்றும் பாதுகாப்பானது. பெருந்தொகுதிகளைச் சலிப்போர்க்குப் பைடர்–மோர்ஸ் முறை உதவும்.

இரண்டும் புகமுடியாத இடமொன்று உண்டு. பாலஸ்தீனத்திற் பெயர் மாற்றியோர் பலர் ஒலியைப் பேணவில்லை. பொருளையோ வேறு தொடர்பையோ பற்றி எபிரேயப் பெயர் கொண்டனர். சினெயோர் சல்மான் றுபாஷொவ் தம் மூன்று பெயர்களின் தலையெழுத்துக்களைக் கூட்டி ஷசார் எனப் பூண்டு, 1963 முதல் 1973 வரை இசுரேலின் சனாதிபதியாய் விளங்கினார். றுபாஷொவ் 974700, ஷசார் 449000. இவ்வெண்களை இணைப்பது ஒலிநூலன்று. பழம்பெயரையும் புதுப்பெயரையும் அருகருகே பதிந்துவைத்த அந்த 28,000 பேரின் பட்டியல் போன்ற ஏடுகளே.